பதினேழு கழுத்தும் ஒரு மாங்கா மாலையும்

சேலையூர் கேம்ப் ரோட்டில் முனிரத்தினம் வைத்திருந்த ஸ்டூடியோவில் வெண்ணிலாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். முனிரத்தினம் "டச்சப் பண்ற பொண்ணு" என்பார். அவள் புருஷன் தினகரன் "கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று சொல்லிவிட்டு, மேலே யாராவது கேட்பதற்குள் பேச்சை மாற்றிவிடுவான். மாமியார் மட்டும், "ஊர்ல இருக்கிறவங்க மூஞ்சியெல்லாம் கழுவி விடறா" என்பாள். மூன்றில் மாமியார் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்த மாமியாரின் மூஞ்சியையும் வெண்ணிலா விட்டுவைக்கவில்லை. அறுபது வருஷமாகச் சிரிக்காத மனுஷிக்கு ரேஷன் கார்டு போட்டோவில் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வைத்தாள். கிழவி போட்டோவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றாள்.

வெண்ணிலா ஸ்டூடியோவுக்கு வந்தது ரசீது எழுத. ரெண்டாயிரத்து ஒன்றில். அப்போது டச்சப் பார்த்துக்கொண்டிருந்தவர் நெகட்டிவ் மேலே பென்சிலாலும், பிரிண்ட் மேலே நுனி சீவிய பிரஷ்ஷாலும் வேலை செய்வார். அவர் துபாய்க்குப் போய்விட்டார். எதிர்க்கடைக்காரன் கம்ப்யூட்டர் வாங்கினான் என்று முனிரத்தினமும் ஒன்று வாங்கி, பொட்டு வைத்து, துணி போட்டு மூடி வைத்தார். யாருக்கும் அதைத் தொடத் தெரியாது. ஆள் வராத மத்தியானங்களில் வெண்ணிலா துணியை விலக்கிவிட்டு, அதில் பெயிண்ட் என்றிருந்ததைத் திறந்து விளையாடுவாள். வாளியைச் சாய்த்தால் கலர் கொட்டும். டப்பாவை அமுக்கினால் புஸ்ஸென்று தெளிக்கும். ஒருநாள் அந்த டப்பாவால் முனிரத்தினத்தின் முகத்தையே தெளித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அவர் பார்த்துவிட்டார். வேலை போச்சு என்று நினைத்தாள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"அந்த வழுக்கையைக் கொஞ்சம் மூடேம்மா."

அப்படித்தான் அவளுக்கு உத்தியோக உயர்வு கிடைத்தது. பிறகு போட்டோஷாப் வந்தது. சொல்லிக் கொடுக்க ஆளில்லை. ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்து, கெட்டுப்போனால் பின்னால் வந்து, ஆறே மாதத்தில் பிரஷ் அவள் கைக்குப் பழகிவிட்டது. மவுசைப் பிடித்து அவள் புருவம் வரைந்தால், பியூட்டி பார்லரில் போய் உட்கார்ந்தால்கூட அப்படி அமையாது என்று மாடம்பாக்கம் வரைக்கும் பேச்சு.

என்னென்ன வேலையோ வரும். செத்துப்போனவரைக் கண் மூடியபடி எடுத்த படம் ஒன்றுதான் இருக்கும். அவருக்குக் கண்ணைத் திறந்து வைக்க வேண்டும். சண்டை வந்தால் குடும்பப் படத்திலிருந்து மச்சானை எடுக்கச் சொல்வார்கள். ராசியானதும் மறுபடி வைக்கச் சொல்வார்கள். அதனால் வெண்ணிலா எதையும் அழிக்க மாட்டாள். மச்சான் இருக்கிற காப்பி ஒன்று, இல்லாத காப்பி ஒன்று. "எந்த நேரம் எது தேவைப்படும்னு அவங்களுக்கே தெரியாதுண்ணா" என்பாள் முனிரத்தினத்திடம்.

ஆனால் அதிகம் வந்தது நகை வேலைதான். பெண் பார்க்க அனுப்பும் படம், வளைகாப்புப் படம், ஹாலில் மாட்டும் பெரிய படம். கடைக்கு வருகிறவர்கள் ரோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலை இறக்கி, "கழுத்துல கொஞ்சம் ஏதாவது போட்டுடேன்" என்பார்கள். முதலில் வெண்ணிலா ஒவ்வொரு மணியாக வரைந்தாள். எவ்வளவு வரைந்தாலும் அது திருவிழாக் கடை நகை மாதிரியே இருந்தது.

அப்போதுதான் கிளியம்மாள் வீட்டுக் கல்யாணம் நடந்தது. சேலையூர் கிராமமாக இருந்த காலத்திலிருந்தே இருக்கிற குடும்பம். கழனியெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகி, இப்போது அந்தம்மாவுக்கு ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் இரண்டு வரிசை வாடகை வீடுகள். மருமகள் கழுத்தில் பரம்பரை மாங்கா மாலை. நெருக்கத்தில் எடுத்த படம் ஒன்றில் மாங்காய் மாங்காயாய் எண்ணலாம். இடது பக்கம் மூன்றாவது மாங்காய் மட்டும் மற்றதெல்லாம் பார்க்கிற திசையைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. எப்போதோ அறுந்ததை ஆசாரி திருப்பிக் கோர்த்துவிட்டார் போல.

வெண்ணிலா ஒரு முழு நாள் உட்கார்ந்து அந்த மாலையை ஓரம் ஓரமாக வெட்டி எடுத்தாள். நிழல், மினுக்கு எல்லாம் தனித்தனியாக வைத்துக்கொண்டாள். எந்தக் கழுத்தில் வைத்தாலும், பிரஷ்ஷால் ஓரத்தில் நாலு தடவு தடவினால், பொறந்ததிலிருந்து அங்கேயே கிடந்த மாதிரி உட்கார்ந்துவிடும். அந்தக் கோணல் மாங்காயைத் திருப்ப ஒரு நிமிஷம் போதும். அவள் திருப்பவில்லை. எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் படம் மாதிரி இருந்தது. ஒன்று கோணிக்கொண்டால்தான் நகை மாதிரி இருந்தது.

இரண்டு வருஷத்தில் அந்த மாலை பதினேழு கழுத்தில் ஏறிவிட்டது. ஒரு டீச்சர், ஒரு ஜவுளிக்கடைக்காரர் சம்சாரம், கிழக்கு தாம்பரத்தில் மூன்று அக்கா தங்கைகள். பதினேழாவது காமு.

காமு கடற்கரைக் குப்பத்துப் பெண். கட்டிக்கொடுத்த பிறகு இந்தப் பக்கம் வந்து, காலையில் வீடு வீடாகவும் சாயங்காலம் கேம்ப் ரோட்டிலும் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். குடியிருந்தது கிளியம்மாளின் வாடகை வீடு ஒன்றில். மகன் பரணி திருமுடிவாக்கத்தில் லேத் வேலை. அவனுக்குக் கானத்தூரில் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டில் சொந்தமாக ஃபைபர் படகு இருந்தது. அவர்கள் வீடு பார்க்க வருவதற்கு முன்னால், காமுவும் புருஷன் துரையும் ஜோடியாக நின்று எடுத்த படத்தைப் பெரிசாகப் போட்டு மாட்டினார்கள்.

"வெறுங்கழுத்தா கீது வெண்ணிலா. பாக்கறதுக்கு நல்லால்ல. எதுனா போடேன்" என்றாள் காமு.

வெண்ணிலா போட்டாள். வீடு பார்க்க வந்த சம்பந்தியம்மா சுப்புலட்சுமி, வீட்டைப் பார்த்ததைவிடப் படத்தைத்தான் அதிகம் பார்த்தாளாம். "மாலை எங்க?" என்றாளாம். "லாக்கர்ல" என்று காமு வாய் குழறாமல் சொன்னாளாம். இதை காமுவே ஸ்டூடியோவில் வந்து சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள்.

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை காலை, காமு வீட்டிலேயே. அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மூன்று மணிக்கு, கிளியம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வியர்த்துக் கொட்டியது. முனிரத்தினம் ஃபேனை அவள் பக்கம் திருப்பினார்.

"தண்ணித் தொட்டி ஒழுவுதுன்னு சொன்னாளேன்னு காமு வூட்டுக்குப் போனேன். செவுத்துல படம் மாட்டியிருக்கா. பாத்தா என் மாங்கா மாலை அவ கழுத்துல! கீழ உங்க ஸ்டூடியோ பேரு. நான் ஒண்ணும் பேசல. நல்லாருக்கே படம்னு சொல்லிட்டு நேரா இங்க வரேன்."

"மாலை லாக்கர்ல இருக்குமேம்மா" என்றாள் வெண்ணிலா.

"தை மாசம் ஒரு சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு எடுத்தேன். பொட்டியைத் திருப்பி வச்சேன், அது ஞாபகம் இருக்கு. பொட்டிக்குள்ள மாலை இருந்துச்சான்னுதான் இப்ப ஞாபகம் வர மாட்டேங்குது. பேங்க்கு பன்னெண்டு மணிக்கே மூடிட்டான். திங்கக்கிழமைதான் தொறப்பான். வாரத்துக்கு ரெண்டு நாளு மீன் கூடையோட பின்வாசல் வழியா வந்து போறவ. எனக்குத் தெரியாதா?" கிளியம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "என் மருமக படத்துல அந்த மாலையைப் பெரிசு பண்ணி ஒண்ணு குடு. இவ படத்துல இருக்கறதையும் பெரிசு பண்ணி ஒண்ணு குடு. நாளைக்கு சம்பந்தி வூட்டுக்காரங்க இருக்கும்போதே ரெண்டையும் வச்சுக் கேக்கறேன். அப்புறம் ஸ்டேஷனுக்குப் போறேன்."

முனிரத்தினத்துக்கு உள்விஷயம் தெரியாது. நகை போடுவது தெரியும். யார் நகையைப் போடுகிறாள் என்று அவர் கேட்டதே இல்லை. "அட, என்னா அநியாயம்! கண்டிப்பா போட்டுத் தரோம்மா. வெண்ணிலா, பன்னெண்டுக்குப் பதினெட்டு போடும்மா, பளிச்சுனு தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு, ஒரு காதுகுத்தல் இருக்கிறதென்று கேமரா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வெண்ணிலா உட்கார்ந்தாள். காமு படத்தைத் திறந்தாள். கிளியம்மாள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடிப்பதற்குள் வெண்ணிலா இடது பக்கம் மூன்றாவது மாங்காயைத் திருப்பி, பிரஷ்ஷால் இரண்டு தடவு தடவி, மூச்சு விட்டாள்.

"அம்மா, இங்க வந்து பாருங்களேன். உங்க மாலையில ஒரு மாங்கா அந்தப் பக்கம் பாக்குது. காமு அக்காவோடதுல எல்லாமே ஒரே பக்கம். இது வேற மாலைம்மா."

கிளியம்மாள் வந்து குனிந்தாள். திரையைப் பார்த்தாள். வெண்ணிலாவைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி செவுத்துல பாத்தப்ப, இது அந்தப் பக்கம்தானே பாத்துகினு இருந்துச்சு?"

வெண்ணிலா மவுசிலிருந்து கையை எடுத்தாள்.

"இப்ப நீ திருப்பினியா?"

வெண்ணிலா தலையாட்டினாள்.

"மாங்காயைத் திருப்பத் தெரிஞ்சவளுக்கு மாலையைப் போடத் தெரியாதா? அடிப் பாவி! அப்ப அவ கழுத்துல ஒண்ணுமே இல்லியா?"

வெண்ணிலா சொல்லிவிட்டாள். வெட்டி எடுத்தது, வைத்துக்கொண்டது, காமு சம்பந்தியிடம் லாக்கர் என்று சொன்னது எல்லாம். சொல்லி முடித்ததும் திருட்டுப் பேச்சு இத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். அங்கேதான் தப்புக் கணக்கு. கிளியம்மாளின் முகத்தில் நிம்மதி வந்தது, வந்த வேகத்தில் போனது. அந்த இடத்தில் வேறொரு ஒளி வந்து உட்கார்ந்தது.

"அப்ப இல்லாத மாலையைப் போட்டுகினு, லாக்கர்ல கீதுன்னு சம்பந்தியை ஏமாத்திகினு இருக்கா. இது அதைவிட நல்லாருக்கே! நாளைக்கு நானே சொல்றேன். பாவம், அந்தப் பொண்ணு வூட்டுக்காரங்க. நல்லது சொல்ல ஒரு ஆளு வேணாம்?"

திருடி என்றால்கூட காமு தலைமேல் அடித்து சத்தியம் பண்ணி, சண்டை போட்டு ஜெயித்துவிடுவாள். இதற்கு என்ன பதில் சொல்வாள்? நிறைந்த சபையில், பையன் மணையில் உட்கார்ந்திருக்கும்போது, கழுத்து வெறுங்கழுத்தென்று சொன்னால் அந்த இடத்திலேயே நிச்சயம் நின்றுபோகும். அதற்கு வெண்ணிலாதான் காரணம். காமு கேட்டது ‘எதுனா’. மாலையை எடுத்து வைத்தது இந்தக் கை.

என்ன செய்வதென்று தெரியாமல் மவுசை உருட்டிக்கொண்டிருந்தவள் கண்ணில், கம்ப்யூட்டரில் கிளியம்மாள் பேரில் இருந்த இன்னொரு படம் பட்டது. போன வருஷம் அந்தம்மா புருஷனுக்கு அறுபது முடிந்ததற்கு எடுத்தது. கிளியம்மாள் வீட்டு ஹாலில், முன்வாசல் பின்வாசல் ரெண்டிலிருந்தும் தெரிகிற மாதிரி, கதவளவுக்கு மாட்டியிருக்கிற படம்.

திறந்தாள். பார்த்தாள். தலையைச் சொறிந்துகொண்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, இந்தப் படத்துல நீங்க என்ன டச்சப் பண்ணச் சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

"என்னாத்த? தாடையைக் கொஞ்சம் எறக்கச் சொன்னேன். ஃப்ளாஷ் பட்டு மூக்குத்தி தெரியல, பளிச்சுனு ஆக்குன்னேன்."

"ஃப்ளாஷ்ல உங்க மூக்குத்தி வெறும் வெள்ளைப் புள்ளியா விழுந்துடுச்சும்மா. அதைப் பளிச்சுனு ஆக்க முடியல. அதனால..."

"அதனால?"

வெண்ணிலா அந்தப் படத்தையும் காமு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு மூக்கையும் பெரிசாக்கினாள். திரை முழுக்க இரண்டு மூக்குகள். இரண்டிலும் ஒரே ஏழுகல் மூக்குத்தி. ஆறு வெள்ளைக் கல்லுக்கு நடுவே ஒரு சிவப்புக் கல். விழுந்த கல்லுக்குப் பதிலாகக் கிடைத்ததை வைத்துக் கட்டியது. அதைப் போட்டுக்கொண்டு காமு வாரத்துக்கு இரண்டு நாள் கிளியம்மாள் வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்கிறாள்.

"என்கிட்ட இருந்ததுலயே அதுதான்மா நல்லா விழுந்திருந்துச்சு. காமு அக்கா பழைய படத்துலேருந்து எடுத்தேன்."

கிளியம்மாளின் கை தானாகப் போய் மூக்கைத் தொட்டது.

"வந்தவன் போனவன் எல்லாம் கேட்டானே. இது எங்க அம்மா வூட்டுதுன்னு சொன்னேனே. திருத்தணியிலேருந்து வந்த நாத்தனாகிட்டகூட சொன்னேனே!"

"உங்களுது எட்டுக்கல் இல்லைங்களா?"

"ஃபோட்டோவுல எவ எண்ணினா?" கிளியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நாளைக்கு நான் மாலையைப் பத்திப் பேசினா..."

"எப்படித் தெரியும்னு கேப்பாங்க. நீங்க என்னைச் சொல்வீங்க. என்னைக் கூப்பிட்டு கேப்பாங்க. கேட்டா நான் எல்லாத்தையும்தானே சொல்லணும்" என்றாள் வெண்ணிலா, ரொம்பப் பணிவாக.

கிளியம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இருந்தது. ஆனால் சந்தையில் தனக்குச் சமமாக பேரம் பேசுகிற ஆளைக் கண்டுபிடித்த மரியாதையும் கொஞ்சம் இருந்தது.

"இவளுக்கு மட்டும்தான் போட்டியா, என் மாலையை?"

"பதினேழு பேர்ம்மா."

"காட்டு."

வெண்ணிலா காட்டினாள். முதல் நாலு படம் வரைக்கும் அந்தம்மா உறுமிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது ஜவுளிக்கடைக்காரர் சம்சாரம் அபிதகுஜாம்பாள்.

"இவளா! கோயில்ல என்னைப் பாத்தா முந்தானையை இழுத்து விட்டுப்பாளே, நகை கண்ணு பட்டுடும்னு! அடியே, இவ மூஞ்சியை இன்னும் பெரிசு பண்ணு!" என்று ஆரம்பித்த சிரிப்பு பதினேழாவது படம் வரைக்கும் நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா எனக்குத் தெரியும் இல்ல, அது போதும்" என்றாள். படி இறங்கும்போது திரும்பி, "என் படத்துல அந்தச் செவப்புக் கல்லை மட்டும் வெள்ளையாக்கி வேற பிரிண்ட் போட்டு வை" என்றாள்.

மறுநாள் காலை நிச்சயதார்த்தத்துக்கு கிளியம்மாள் வந்தாள். முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். முனிரத்தினம் படம் எடுக்க, வெண்ணிலா லைட் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டு மாற்றுவதற்கு முன்னால் சுப்புலட்சுமி சுவரைப் பார்த்தாள்.

"அந்த மாலை பொண்ணுக்கு வரும்னு சொன்னாங்க. கண்ணால ஒரு தபா பாத்துட்டா மனசுக்குத் திருப்தியா இருக்கும்."

காமு கையிலிருந்த வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தாள். துரை கூரையைப் பார்த்தான். வெண்ணிலா கிளியம்மாளைப் பார்த்தாள்.

கிளியம்மாள் தொண்டையைக் கனைத்தாள். பேசாமல் இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தாள். ஆனால் முதல் வரிசையில் உட்கார்ந்து, இருபது பேர் தன் வாயைப் பார்க்கும்போது பேசாமல் இருந்து அந்தம்மாவுக்குப் பழக்கமில்லை.

"மாலை என்கிட்டதான் கீதும்மா. இந்த வூட்டுல பீரோ எங்க, லாக்கர் எங்க? காமு என்கிட்ட குடுத்து வச்சிருக்கா. பதினஞ்சு வருஷமா என் வூட்டுல குடியிருக்கறவ. கல்யாணத்தன்னைக்கு நானே எடுத்தாந்து உன் பொண்ணு கழுத்துல போடறேன், போதுமா?"

சபை தலையாட்டியது. சுப்புலட்சுமி கும்பிட்டாள். தான் என்ன சொன்னோம் என்பது தட்டு மாற்றி முடிந்த பிறகுதான் கிளியம்மாளுக்கு உறைத்தது போல. வாயிலிருந்த வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு, வெண்ணிலாவை முறைத்தாள். வெண்ணிலா லைட்டை வேறு பக்கம் திருப்பினாள்.

சாப்பாடு போடும் இடத்தில் காமு அவளை ஓரமாக இழுத்தாள்.

"இன்னா பண்ண அவங்கள? நேத்து படத்தையே மொறைச்சிகினு போனாங்க. எனக்கு ராத்திரி சோறு எறங்கல."

வெண்ணிலா மூக்குத்திக் கதையைச் சொன்னாள். மன்னிப்புக் கேட்கிற தோரணையில்தான் ஆரம்பித்தாள். காமு பாதியிலேயே கையைக் காட்டினாள்.

"அது எனக்குத் தெரியாதா? படம் மாட்டின அன்னிக்கே பாத்துட்டேன். என் மூக்குல இருக்கறது எனக்குத் தெரியாம பூடுமா?"

"அப்ப ஏங்க்கா கேக்கல?"

"கேட்டா எடுத்துடுவாங்க இல்ல? பின்வாசலைத் தாண்டி அந்த வூட்டுக்குள்ள நான் போனதில்ல. அங்கருந்து பாத்தா ஹால்ல என் மூக்குத்தி தெரியும். வர்றவன்லாம் அதுங்கீழ நின்னு ஆகா ஓகோன்றான். வாரத்துல ரெண்டு நாளு அத்தப் பாத்துகினே மீனு ஆய்வேன். ஜோரா இருக்கும்."

வெண்ணிலாவுக்கு வாயில் வைத்த வடை நின்றது. சிவப்புக் கல்லை முந்தின நாள் சாயங்காலமே வெள்ளையாக்கி, பிரிண்ட்டும் போட்டுவிட்டாள். அதைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்ததும் அந்தப் படத்தை மறுபடி திறந்தாள். இருப்பதிலேயே சின்ன பிரஷ்ஷை எடுத்து, நடுக்கல்லின் மேல் கொஞ்சம் சிவப்பை வைத்தாள். கிளியம்மாளின் கண்ணாடிக்கு அது நிழல் மாதிரி தெரியவேண்டும், கல் மாதிரி தெரியக்கூடாது. அழித்தாள், வைத்தாள். எட்டு தடவைக்குப் பிறகு திருப்தியாகி, மறுபடி பிரிண்ட் போட்டாள். பதினோரு மணிக்கு பேங்க்கிலிருந்து வந்த கிளியம்மாள், "மாலை பொட்டியிலதான் இருந்துச்சு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு, புது பிரிண்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சரி என்று வாங்கிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை காமு கூடையோடு ஸ்டூடியோ வாசலில் நின்றாள். இலையில் மடித்த நாலு சங்கரா மீனைக் கவுண்டர் மேல் வைத்தாள். முனிரத்தினம் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா வெண்ணிலா," என்றாள் காமு, "அவங்க ஹால்ல என் செவப்புக் கல்லு கொஞ்சம் எளச்சிட்டாப்புல கீதே? அடுத்த தபா பிரிண்ட் போடும்போது ஒரு சுத்து பெருசா வையேன்."